தண்ணீர் லாரி வரும்வரை படித்த கதை

அந்த நோட்டை முன்பக்கமாகத் திறந்தால் வரலாறு. கவிழ்த்துப் பின்பக்கமாகத் திறந்தால் கதை. பழுப்புத்தாள் அட்டை போட்ட நீள நோட்டு. முன்பக்கத்திலிருந்து பிரெஞ்சுப் புரட்சியும் உலகப் போர்களும் நகர்ந்து வந்தன. பின்பக்கத்திலிருந்து பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் நாற்பது பேர் நகர்ந்து வந்தார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கியபோது இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வெள்ளைத் தாள்கள்தான் மிச்சமிருந்தன. எழுதிக்கொண்டிருந்தவள் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காரும் தோழி. திருவொற்றியூரில் ஒரு பெண்கள் பள்ளி. ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. இரண்டாயிரம் பிறக்கப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம்.

அந்தக் கதையில் என்னதான் நடந்தது என்று இப்போது யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கும் பெண்கள் பள்ளிக்கு வருவார்கள், போவார்கள். ஒருத்தி ரிப்பனை மறந்துவிட்டு வாசலிலேயே நிற்பாள். இன்னொருத்தி தினமும் டப்பாவில் வரும் எலுமிச்சைச் சாதத்தை இன்றைக்கு யார் தலையில் கட்டலாம் என்று யோசிப்பாள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, ஐந்து பேர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே வந்து சேரும்போது பிரேயர் முடிந்திருக்கும். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று வீசினால் வகுப்பே தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் கேட்கும். அவ்வளவுதான். அதற்கு முன்பு நாங்கள் படித்ததெல்லாம் பெட்டிக்கடையில் தொங்கும் மாத நாவல்கள். அவற்றில் மூன்றாம் பக்கத்திலேயே ஒரு பிணம் விழுந்துவிடும். இதில் ஒரு பேனா தொலைந்துபோவதற்கு நாலு பக்கம் ஆனது. ஆனாலும் நாற்பது பேரும் அந்த நோட்டுக்காக முறை வைத்துக்கொண்டோம்.

ஏன் என்று அப்போது யோசித்ததில்லை. ஒவ்வொருத்தியும் அதில் தன்னைத் தேடினாள் என்பது மட்டும் தெரியும். "அந்த லெமன் சாதம் நான்தானேடி?" என்று கேட்டவள் ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தாள். நாங்கள் பஸ்ஸில் தொங்கியதும், மழை நாளில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்ததும் எழுதத் தகுந்த விஷயம் என்று ஒருத்தி நினைத்திருக்கிறாளே என்பதே எங்களுக்குப் பெரிய மரியாதையாக இருந்தது. கூடவே ஒரு பயமும் இருந்தது. மார்ச் வந்தால் இதெல்லாம் இருக்காது. கதையில் மட்டும் மார்ச் வரவே இல்லை. எத்தனை பக்கம் போனாலும் அங்கே கார்த்திகை மாதம்தான். கடைசி நாளை எப்போது எழுதுவாய் என்று நச்சரித்தால் அவள் நோட்டை மூடிவிடுவாள். "எழுதிட்டா முடிஞ்சிடும்டி. இருக்கட்டும்" என்பாள்.

ஒருமுறை நோட்டு வரலாற்று ஆசிரியையின் கையில் சிக்கியது. இரண்டு நாள் அது அவர் பையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் அதைத் திருப்பிக் கொடுத்தார். எங்கெல்லாம் 'ள'வுக்கு 'ல' போட்டிருந்தாளோ அங்கெல்லாம் சிவப்பு மையில் சுழித்திருந்தார். வெளியே போகும்போது நின்று, "சாக்பீஸை நான் அப்படியா உடைக்கிறேன்?" என்று மட்டும் கேட்டார். கதையில் வரும் வரலாற்று டீச்சர் அப்படித்தான் உடைப்பார்.

தோழியின் வீடு கடற்கரையை ஒட்டிய ஒரு தெருவில் இருந்தது. கடல் உள்ளே வராமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள் தெருக்கோடியில் நிற்கும். அங்கே குழாயில் தண்ணீர் வந்த நாளை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. லாரிதான். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு வரும் என்பார்கள்; மூன்றரைக்கும் வரும், ஐந்துக்கும் வரும். மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்க, அவற்றுக்கு உரியவர்கள் சுவர் நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். நான் சனிக்கிழமைகளில் அவளோடு படிப்பதற்காகப் போவேன். பாடம் படித்தது குறைவு. ஒரு நாள் வரிசையில் உட்கார்ந்தபடியே நான் அவள் கதையை முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருக்க, முன்னால் இருந்த அம்மாள் திரும்பி, "இன்னா அது, வாய்க்குள்ளயே சொல்லிக்கினு கீற? எங்களுக்கும் கேக்கறா மாரி படியேன்" என்றார். தோழிக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் எழுதுவாளே தவிர நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். நான் படித்தேன்.

திரும்பிக் கேட்டவர் அந்தத் தெருவில் எல்லோருக்கும் மீன்காரக்கா. விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து, தலைக்கூடையோடு தெருத்தெருவாக விற்றுவிட்டு மத்தியானம் வீடு திரும்புவார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கனத்த குரல். கொண்டையில் எப்போதும் கொஞ்சம் கனகாம்பரம். அவர் கேட்கிறார் என்பதற்காகவே மற்ற பெண்களும் கேட்டார்கள். பிறகு வாராவாரம் கேட்டார்கள். லாரி தாமதமானால் முன்பெல்லாம் டிரைவரைத் திட்டுவார்கள். இப்போது, "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுதான் வரட்டுமே" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்களில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர் யாரும் இல்லை. இறாலுரிக்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், தீப்பெட்டி அளவு அறையில் ஐந்து பேருக்குச் சமைக்கிறவர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுப் போகப்போகும் பெண்களின் கதை அவர்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. கதை எங்களுக்கானது என்று நினைத்திருந்தேன். எங்களைவிட அவர்கள்தான் கூர்ந்து கேட்டார்கள். "ரிப்பன உட்டுட்டு வந்தாளே, அவள உள்ள உட்டாங்களா இல்லியா?" என்று மறுவாரம் மறக்காமல் கேட்டார்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, நான் படித்து முடித்ததும் மீன்காரக்கா தோழியைப் பார்த்து, "இதுங்களுக்குக் கடைசி நாளு எப்ப வரும்?" என்று கேட்டார்.

"எழுதலக்கா. எழுத மனசு வரல."

அக்கா குடத்தின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "எனுக்குக் கடைசி நாளுன்னு ஒண்ணு இல்ல பொண்ணே. அஞ்சாவது படிச்சிக்கினு இருந்தேன். தம்பி பொறந்தான். இன்னிக்கு ஒரு நாளு வூட்ல இருன்னாங்க. இருந்தேன். அதுக்கப்புறம் யாரும் போன்னு சொல்லல. ஸ்லேட்டு, பையி எல்லாம் ஆணியில அப்டியே தொங்கினு இருந்துச்சு. கடைசி நாளுன்னு தெரிஞ்சிருந்தா பக்கத்துல குந்துறவகிட்டயாச்சும் சொல்லிக்கினு வந்திருப்பேன்."

அழவில்லை. யாரையும் குறை சொல்லவுமில்லை. ஒரு பொருளை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, "எனுக்கு ஒரு கடைசி நாளு எழுதிக் குடுக்கறியா?" என்றார்.

தன் கதையின் கடைசி நாளை எழுத மாட்டேன் என்று நாற்பது பேரிடம் பிடிவாதம் பிடித்தவள், அக்காவுக்கு உடனே தலையாட்டிவிட்டாள். அந்த வாரம் முழுக்க மீன்காரக்கா வீட்டுக்குப் போய் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடம் ஓடு வேய்ந்ததா, கூரையா? டீச்சர் எப்படிக் கூப்பிடுவார்? பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு என்ன அடையாளம்? அக்காவுக்குப் பாதிதான் ஞாபகம் இருந்தது. மாநகராட்சிப் பள்ளி, ஓட்டுக் கட்டடம், பக்கத்தில் உட்கார்ந்தவள் காதில் வேப்பங்குச்சி போட்டிருப்பாள். மற்றதை இவளே எழுதிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நான் அதைப் படித்தேன். மூன்று பக்கம்தான். ஒரு சிறுமி காலையில் பள்ளிக்குப் போகிறாள். பேர் கூப்பிடும்போது "உள்ளேன் டீச்சர்" என்கிறாள். வாய்ப்பாடு சொல்கிறாள். பகல் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறாள். சாயங்காலம் ஸ்லேட்டைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவளிடம், "எங்களுக்குத் தம்பி பொறந்திருக்கான். நாளைலேர்ந்து நான் வர மாட்டேன்" என்கிறாள். வேப்பங்குச்சிக்காரி தன் பலப்பத்தை ஒடித்துப் பாதியை நீட்டுகிறாள். அந்த இடத்துக்கு நான் வரும்போது தெருமுனையில் லாரி திரும்பியது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கூச்சல், தள்ளுமுள்ளு. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "மிச்சத்தப் படி" என்றார். மிச்சம் நாலு வரி. படித்தேன். "இன்னொரு தபா" என்றார். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். முடித்தபோது லாரி கிளம்பிவிட்டது. யாரோ அக்காவுக்காக ஒரு குடம் பிடித்து வைத்திருந்தார்கள். அந்த ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "சோக்கா எழுதிக்கீற" என்று தோழியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். அவர் விரலில் மீன் வாசனை. அவள் அன்று முழுவதும் கன்னத்தைத் துடைக்கவில்லை.

பொங்கல் கழிந்து பள்ளி திறந்தபோது தோழி வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தோம். நோட்டு என்னிடம் இருந்தது. வகுப்பில் முறை வைத்துப் படிப்பது தொடர்ந்தது, படித்ததையே படித்தோம். மாதிரித் தேர்வுகள், சிறப்பு வகுப்புகள் என்று நான் என் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம்தான் அவள் வீட்டுக்குப் போனேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது: நான் போனது அவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க மட்டும் அல்ல. கதையின் அடுத்த பகுதியை வாங்கிவரச் சொல்லி வகுப்பில் என்னை அனுப்பியிருந்தார்கள்.

அவளுடைய அப்பா லாரிகளில் சரக்கு ஏற்றிக் கட்டும் வேலை செய்பவர். தார்ப்பாய் கட்டும்போது கால் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மாதம் அசையக்கூடாது. அம்மா இறால் கம்பெனிக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே இவள் வீட்டில். நான் வாசலில் நின்றுகொண்டு, எதையோ பேச வேண்டுமே என்று, "எல்லாரும் கதை எங்கன்னு கேக்கறாங்கடி" என்றேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே, "எழுத இன்னா கீது? நானே ஸ்கூலுக்கு வரலையே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மார்ச் முதல் வாரம் ஹால் டிக்கெட் வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட்டு வாங்கினோம். அவளுடையது மட்டும் மேசையில் கிடந்தது. வரலாற்று ஆசிரியை என்னிடம், "வந்து வாங்கிக்கச் சொல்லு. பரீட்சைக்கு மட்டுமாவது வரட்டும்" என்றார். அன்று சனிக்கிழமை. நான் நேராக அவள் வீட்டுக்குப் போகத் துணிச்சலில்லாமல் தண்ணீர் வரிசைக்குப் போனேன். மீன்காரக்காவிடம் சொன்னேன். அவர் குடத்தை வரிசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

தோழியின் அம்மா வீட்டில்தான் இருந்தார். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து, "பொண்ணு பரீச்சைக்குப் போவணும்" என்றார்.

"யாருக்குக்கா ஆசையில்ல? இவர யாரு பாத்துக்கறது? நான் ஒரு நாளு நின்னா வேலைக்கு வேற ஆள வச்சிக்குவான்."

"எத்தினி பரீச்ச?" என்று அக்கா என்னைக் கேட்டார். எட்டு என்றேன். "எட்டு நாளு. காலைல போனா மத்தியானத்துக்குள்ள வந்துடப் போறா. நான் வந்து குந்திக்கறேன்."

"உனுக்கு யாவாரம் கீதே."

"ஒம்போதுக்குள்ள முடிச்சிடுவேன். மீந்தா கருவாடு."

கட்டிலில் கிடந்தவர் சுவரைப் பார்த்தபடி, "அதெல்லாம் வாணாம்மா. பொம்பள வந்து எனுக்கு..." என்று இழுத்தார். அக்கா எட்டிப் பார்த்தார். "நாலு தம்பிய வளத்தவ நானு. நான் பாக்காததா? உனுக்கு வெக்கமா இருந்தா மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கோ நைனா." அவருக்கு இடுப்பு வலியோடு சிரிப்பும் வந்துவிட்டது. வலியில் முனகிக்கொண்டே சிரித்தார். அடுப்படியில் நின்றிருந்த தோழி மட்டும் சிரிக்கவில்லை. எதுவும் படிக்கவில்லை, போய் ஃபெயிலானால் என்ன செய்வது என்றாள். அக்கா கொண்டையை அவிழ்த்து முடிந்துகொண்டு, "ஆவு. போய் எழுதிட்டு ஃபெயிலாவு" என்றார்.

எட்டு பரீட்சைக்கும் வந்தாள். எனக்கு மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பாள். இரவலாக வாங்கிய என் குறிப்புகளை வைத்துக்கொண்டு படித்திருந்தாள். பரீட்சை முடிந்ததும் யாரிடமும் நிற்காமல் ஓடுவாள். கடைசிப் பரீட்சையன்று மட்டும், ஓடப்போனவள் படியிறங்கித் திரும்பி வந்தாள். வகுப்புக்குள் போய்க் கடைசி பெஞ்சில் எங்கள் இடத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். வெளியே மற்றவர்கள் எல்லாம் ஒருத்தி மேல் ஒருத்தி இங்க் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "அவ்ளோதான்ல?" என்றாள். "அவ்ளோதான்" என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று அவள் பாஸ் என்று சொல்ல நான்தான் ஓடினேன். மீன்காரக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "பரீச்ச எழுதுனது நீ. வயித்துல நெருப்பக் கட்டிக்கினு குந்தினு இருந்தது நானு" என்று அவளைத் திட்டினார். திட்டிக்கொண்டே அன்று விற்காமல் வைத்திருந்த பெரிய சங்கரா மீனை அவள் அம்மாவிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கல்லூரி எனக்கு, துணி ஏற்றுமதிக் கம்பெனி அவளுக்கு. அவள் தபால் வழியில் பட்டம் முடித்தது, மீஞ்சூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனது எல்லாம் எனக்கு அங்கங்கே கேள்விப்பட்டுத்தான் தெரியும். நான் இப்போது ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் வந்து, "ஸ்கூல் முடியுற கதை ஏதாச்சும் இருக்கா மேடம்? ரொம்பப் பெருசா எதுவும் நடக்க வேணாம்" என்று கேட்கிறார்கள். பிணம் விழும் கதைகளின் அலமாரியைத் தாண்டிப் போய்க் கேட்கிறார்கள். சில நேரம் அவர்களுடைய அம்மாக்கள்தான் அந்தப் புத்தகத்தைத் திருப்பித் தரும்போது, "இதே மாதிரி வேற இருக்கா?" என்கிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருப்பதில்லை. பெரிய விஷயங்களை யாராவது நமக்கு அறிவித்துவிடுகிறார்கள்; கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கிறார்கள், சாவுக்கு மோளம் அடிக்கிறார்கள். ஒரு பெஞ்சைவிட்டு எழுந்திருப்பதற்கு ஒன்றும் இல்லை. அதை யாராவது நமக்காக நிதானமாகச் சொன்னால் நன்றாக இருக்கிறது.

போன வருடம் அவளைத் தேடிப் போனேன். மணலி புதுநகரில் ஒரு சிறிய பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறாள். கொஞ்சம் பருத்திருக்கிறாள், கண்ணாடி போட்டிருக்கிறாள். டீ சொன்னாள். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். அவளுக்கு முதல் வேலை கிடைக்கும்வரை உயிரோடிருந்த அப்பாவைப் பற்றிப் பேசினோம். அப்போது ஒரு பெண் அவசரமாக உள்ளே வந்தார். கூடவே ஆறாம் வகுப்புச் சீருடையில் ஒரு சிறுமி. ஊரைவிட்டுப் போகிறார்கள், டி.சி. வேண்டும், பதினொரு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். தோழி மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். எழுதி, தலைமையாசிரியர் கையெழுத்தும் ஆகி, எல்லாம் தயாராக இருப்பதை நான் பார்த்தேன். சீல்கூடக் குத்தியிருந்தது.

அவள் இழுப்பறையை மெதுவாகச் சாத்தினாள்.

"சீல் போட இன்னும் கால் மணி நேரம் ஆவும்மா, உக்காருங்க" என்றாள். பிறகு அந்தச் சிறுமியைப் பார்த்து, "உன் கிளாஸ் மாடியிலதான? போ. பக்கத்துல குந்துறவ யாரு, அவகிட்ட சொல்லிக்கினு வா. டீச்சர்கிட்டயும் சொல்லு. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

சிறுமி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். படிகளில் அவள் முதலில் நடந்து போவதும், பாதிக்கு மேல் ஓடுவதும் எங்களுக்குக் கேட்டது.